அண்டியாபீஸ் தானம் கொடுத்த வருடம்

1. கைதட்டல்

எங்கள் ஊரில் ஒரு கம்பெனி தன் கட்டடத்தைப் பள்ளிக்கூடத்துக்குத் தானமாகக் கொடுத்த அன்று ஆலயம் அதிரக் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஞானபாய் என் முழங்கையை இடித்தாள்.

“கை தட்டுங்க டீச்சரே. எங்களுக்க கொட்டகையாக்கும்.”

அந்தக் கொட்டகையின் தரையில் உட்கார்ந்து முந்திரிப் பருப்புக்குத் தொலி உரிப்பவள் அவள். கொட்டகை பள்ளிக்கூடமாகிவிட்டால் எங்கே உட்கார்ந்து உரிப்பது என்று அவள் யோசிக்கவில்லை. ஆலயத்தில் இருந்த யாரும் யோசிக்கவில்லை.

நான் டீச்சர் இல்லை. சர்க்காரின் தொழில் கணக்கெடுப்பில் இன்வெஸ்டிகேட்டர். ஆபீஸ் நெய்யாற்றின்கரையில், வீடு பாறசாலையில். அந்தக் காலத்தில் படித்துச் சம்பளம் வாங்கும் பெண் என்றால் நர்ஸ், இல்லாவிட்டால் டீச்சர். என் கையில் ஊசி இல்லாததால் டீச்சர் ஆனேன். சில மாதம் திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

அன்றைக்கு ஸ்தோத்திரப் பண்டிகை. வாழைக்குலை, தேங்காய், கோழி, மரச்சீனிக் கிழங்கு என்று சபையார் கொண்டுவந்து வைத்ததை எல்லாம் ஆராதனை முடிந்ததும் ஏலம் போடுவார்கள். எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. இன்னதைப் படைக்கிறேன் என்று ஒருவர் எழுந்து சொல்லி, சபை ஆமென் சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. பக்கத்து ஊரான கொல்லயிலில் இருந்து வரும் ஒருவர் ஒரு வருடம் ஆவேசத்தில் தன் முற்றத்துப் பலாமரத்தையே படைத்துவிட்டார். அதன் பிறகு அந்த மரத்தின் பழத்தைத் தின்ன ஆசைப்பட்டால் அவரும் ஏலத்தில்தான் எடுப்பார். சொந்த முற்றத்து மரம். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

கம்பெனியின் சார்பில் எழுந்தவர் மானேஜர் பொன்னையா. முதலாளி முன்வரிசையில் கழுத்து நிறைய மாலையோடு உட்கார்ந்திருந்தார். பொன்னையாவுக்கு ஜனக்கூட்டத்தைக் கண்டால் குரல் தானாக ஏறும்.

“உரிப்புக் கொட்டகையை, அது நிக்குத தரையோட, சுவரோட, கூரையோட, உள்ள கட்டினது ஒக்க, ஆண்டவருக்க பள்ளிக்கூடத்துக்குப் படைக்கியோம்!”

ஒக்க என்றால் எல்லாம். சபை ஆமென் என்றது. ஞானபாய்தான் எல்லாரையும் விட உரக்கச் சொன்னாள்.

2. எதைச் சொல்கிறோம்

இதை எழுதுவது இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக. நீங்கள் அறைக்குள் உட்கார்ந்து ‘நிதிசாரா நிறுவனங்களின் மூலதன மாற்றல்கள்’ என்று ஒரு எண்ணைப் பார்க்கிறீர்கள். எண் ஏறினால் கம்பெனிகள் செழிப்பாக இருக்கின்றன, தாராளமாகக் கொடுக்கின்றன என்று எழுதிவிடுகிறீர்கள். அப்படி எழுதிய அறிக்கைகளைப் படித்தால் எனக்குக் கோபம் வரும். இந்த வயதிலும் வரும்.

நிதிசாரா நிறுவனம் என்றால் பாங்க், இன்ஷூரன்ஸ் மாதிரிப் பணத்தையே தொழிலாக வைக்காத கம்பெனி. ஓடு சுடுகிறவன், எண்ணெய் ஆட்டுகிறவன், பஸ் ஓட்டுகிறவன், முந்திரி வறுக்கிறவன். மூலதன மாற்றல் என்றால், அந்தக் கம்பெனி நிலம், கட்டடம், இயந்திரம் போன்ற நின்று உழைக்கும் ஆஸ்தியையோ, அதை வாங்குவதற்கான பணத்தையோ, பதிலுக்கு ஒன்றும் பெறாமல் இன்னொருவருக்குக் கொடுப்பது. வரவேண்டிய கடனைத் தள்ளிவிடுவதும் இதில் சேரும். கிறிஸ்துமஸுக்கு முதலாளி கொடுக்கும் சேலை இதில் சேராது. அது உடுத்தித் தீர்ந்துவிடும். கொட்டகை தீராது. கொட்டகை எங்கே போகிறதோ அங்கே வேலையும் போகும், அல்லது அங்கே போய்ச் சாகும். அதனால்தான் இதைத் தனியாகக் கணக்கெடுக்கிறோம்.

அன்றைய எங்கள் தாளில் இதற்கு இவ்வளவு பெரிய பெயர் கிடையாது. ‘இலவசமாகக் கைமாறிய ஆஸ்தி’ என்று ஒரே ஒரு வரி. மொத்தம் எவ்வளவு என்று மட்டும் கேட்கும். யாருக்கு என்று கேட்காது.

எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த ஐம்பதுகளின் வருடங்கள் அவை. மலையாளச் சர்க்காரின் கீழிருந்த தெற்குத் தாலூக்காக்கள் தமிழ்நாட்டோடு போகவேண்டும் என்று ஒரு பக்கம், கூடாது என்று மறுபக்கம். நெய்யாற்றின்கரை போகுமா நிற்குமா என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் பஸ் ஓடும், ஒரு நாள் ஓடாது. நாலு பேர் சேர்ந்து நின்றால் போலீஸ் வேன் வந்து நிற்கும். சந்தையில் விலை கேட்டால்கூட நீ எந்தப் பக்கம் என்று முகத்தைப் பார்ப்பார்கள். இந்தக் கலவரத்துக்கு நடுவில் ஒரு கம்பெனி வரிசையாகத் தானம் கொடுத்தது. கிணற்றையும் மோட்டாரையும் பஞ்சாயத்துக்குக் கொடுத்தது. கொட்டகையைப் பள்ளிக்குக் கொடுத்தது. ஊர் சந்தோஷப்பட்டது.

3. மாதவன் சார்

எங்கள் சூப்பரின்டெண்டென்ட் மாதவன் சார் கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். கம்பெனி அனுப்பிய தாளைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, தன் மலையாளம் கலந்த தமிழில் பேசினார்.

“கண்டோ? லாபம் இல்லாத்த கம்பெனி இத்ர தானம் கொடுக்குமோ? நல்ல லட்சணம். வளர்ச்சின்னு எழுதிக்கோ.”

“நேரில போய்ப் பாத்திட்டு எழுதுறேன் சாரே.”

“எந்துக்கு? மானேஜர் எழுதித் தந்தது உண்டல்லோ.”

“அது கொடுத்தவரு சொன்னது. வாங்கினவங்களைக் கேக்கேல்ல.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். பேச்சைத் தள்ளிப்போட அவர் செய்வது அதுதான்.

“பஸ் இல்ல. பாறசாலைக்கு அப்புறம் நடக்கணும்.”

“நடப்பேன்.”

“போலீஸ் பிடிச்சா ஞான் வரில்ல, கேட்டோ.”

“வரவேண்டாம் சாரே. எனக்க ஊராக்கும். அந்தப் போலீஸைத்தான் ஆராவது பிடிக்கணும்.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. “வேகம் போய்ட்டு வா” என்றார்.

4. முற்றம்

அண்டியாபீஸ் என்று எங்கள் பக்கம் சொல்வது முந்திரி ஆலையை. தோட்டோடு வரும் கொட்டையை முதலில் வறுப்பார்கள். பிறகு உடைத்துப் பருப்பை எடுப்பார்கள். உடைப்பவர்கள் கையெல்லாம் தோட்டு எண்ணெய் பட்டுக் கருத்து வெந்திருக்கும். எடுத்த பருப்பைப் போர்மாவில் வைத்துக் காய்ச்சுவார்கள். போர்மா என்பது செங்கல்லால் கட்டிய சூட்டறை. கீழே தீ, உள்ளே தண்டவாளம் மாதிரி இரும்புச் சட்டங்கள், அவற்றின் மேல் தட்டுகள் அடுக்கியிருக்கும். அந்தச் சூட்டில்தான் பருப்பின் தொலி இளகும். அதன் பிறகே உரிக்க முடியும். எங்கள் ஊர் மழையில் வெயிலை நம்பி உட்கார்ந்தால் பருப்புப் பூத்துப் போகும். போர்மா இல்லாமல் உரிப்பு இல்லை, உரிப்பு இல்லாமல் ஞானபாய்க்குக் கூலி இல்லை.

நான் போனபோது பண்டிகை விடுமுறை என்று சொல்லி ஆபீஸை மூடியிருந்தார்கள். உரிப்புப் பெண்கள் சிலர் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். ஞானபாயும் நின்றாள்.

“எப்ப திறப்பினும்?” என்று கேட்டேன்.

“அடுத்த ஆழ்ச்சை. புதுக் கொட்டகை கெட்டித் தருவினுமாம். மானேஜரு சொன்னாரு.”

“எங்க கெட்டுவினும்?”

அவள் முற்றத்தைக் கை காட்டினாள். அங்கே ஒரு செங்கல்கூட இறக்கவில்லை. மணல் இல்லை. அளந்து அடித்த முளைக்குச்சி இல்லை.

பொன்னையா என்னை உள்ளே கூட்டிப் போய் நாற்காலி போட்டார். “இரிங்க டீச்சரே. காப்பி?”

“காப்பி வேண்டாம். இந்த வருஷம் புதுசா என்னதெல்லாம் வாங்கினிய?”

“புதுசா எதுக்கு? இருக்கதையே கொடுத்திட்டிருக்கோம். முதலாளிக்க மனசு அப்பிடியாக்கும்.”

“லாரியைக் காணேல்லியே.”

“முதலாளிக்க மருமவன் கம்பெனிக்குக் கொடுத்தாச்சு. களியக்காவிளைக்குத் தெக்க அவருக்குப் புது ஆபீஸ் வருதில்லியா.”

“வித்ததா?”

“சே! சொந்தத்துக்குள்ள விலை பேசுவாங்களா? சும்மாத்தான்.”

“வறுக்குத டிரம்மு?”

“அதும் சும்மாத்தான்.”

“போர்மா?”

“கதவு, சட்டம், தட்டு ஒக்கக் கழத்தி அடுத்த ஆழ்ச்சை லாரியில போவும். அங்க குழி எடுத்து அடித்தளம் கட்டியாச்சு.”

பெருமையாகச் சொன்னார். அவருக்கு அதில் மறைக்க ஒன்றும் இல்லை. இதில் ரகசியமே கிடையாது என்பதை இளையவர்கள் கவனியுங்கள். கம்பெனி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிற்று. ஆலயத்திலும் சொல்லிற்று, என்னிடமும் சொல்லிற்று. கேட்டவர்கள் அதைத் தனித்தனித் தானமாகக் கேட்டார்கள். சேர்த்துப் பார்த்தால் அது குடிபெயர்வு. எந்தப் பக்கம் போகும் என்று தெரியாத மண்ணில் ஆஸ்தி வைக்க முதலாளிக்கு மனமில்லை; களியக்காவிளைக்குத் தெற்கே தமிழ்நாட்டுக்குத்தான் போகும் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். தூக்க முடிந்ததை மருமகனுக்குக் கொடுத்தார். தூக்க முடியாததை ஊருக்குக் கொடுத்து மாலை வாங்கினார். பெண்களுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை, வேலை நின்றுவிட்டது என்ற சொல்லைக்கூட.

வெளியே வந்து ஞானபாயிடம் நேராகச் சொன்னேன். “ஆபீஸ் திறக்காது. போர்மா தெக்க போவுது.”

“வெளையாடாதீங்க டீச்சரே.”

“நான் என்னைக்கு உனக்கிட்ட வெளையாடினேன்?”

அவள் முகம் மாறியது. அவளுடைய புருஷன் படுத்த படுக்கை. மூன்று பிள்ளைகளும் அதே மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். வேறு வரும்படி அந்த வீட்டில் இல்லை.

“நான் ஆமென் சொன்னேனே,” என்றாள்.

“எல்லாரும்தான் சொன்னாங்க.”

“எல்லாரும் உரிக்கேல்லியே.”

5. அண்ணன்

அன்று வீட்டில் என் அண்ணனிடம் சொன்னேன். அவன் போராட்டக்காரன். தடியடி வாங்கிய தோள் இறங்கி இருக்கும். அதை அவன் மறைக்க மாட்டான்.

“கம்பெனி தெக்க போறது நமக்கு நல்லதாக்கும். நாளைக்கு இந்த ஊரும் அந்தப் பக்கம் வரும். அப்ப ஒக்க ஆளுக்கும் வேலை உண்டு. நீ சும்மா கிட,” என்றான்.

“அது வரைக்கும் ஞானபாய் என்னத்தைத் திங்கணும்? உனக்க கொடியையா?”

“எட்டி, வாயை அடக்கு.”

“நீ அடக்கு. எல்லை எந்தப் பக்கம் விழுந்தாலும் உரிக்குத கை அந்தக் கைதான். அதை ஆரும் கேக்கேல்ல. உனக்க கூட்டமும் கேக்கேல்ல, அவங்களுக்க சர்க்காரும் கேக்கேல்ல.”

அவன் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து போனான். ஆபீஸில் என்னைத் தமிழ்ச் சமரக்காரி, அதாவது போராட்டக்காரி, என்றார்கள், வீட்டில் சர்க்கார் ஆள் என்றான். இரண்டுக்கும் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. அடுத்த வாரம் லாரி வந்துவிடும்.

6. வாங்கியவர் வாசல்

கொடுத்தவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் வாங்கியவரிடம் போய்க் கேட்பது என்று முடிவு செய்தேன். யாரும் எனக்குக் கற்றுத் தரவில்லை. தாளில் கேட்கவும் இல்லை. ஒரு ஆஸ்தி ஒரு கையை விட்டால் இன்னொரு கையில் இருந்தே ஆகவேண்டும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம்.

பஞ்சாயத்துக் கிணறு சரியாக இருந்தது. மோட்டார் ஓடியது. பெண்கள் குடம் வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நல்ல தானம். அதை நல்ல தானம் என்றே எழுதினேன்.

பிறகு களியக்காவிளையைத் தாண்டி நடந்தேன். வழியில் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தினார். “எங்கோட்டா?”

“அண்டியாபீஸுக்கு.”

“சமரமோ?”

“கணக்கெடுப்பு.”

“ரெண்டும் ஒந்நு தன்னே,” என்று சொல்லிவிட்டு வழி விட்டார்.

மருமகன் கம்பெனியில் லாரி நின்றது. டிரம் இறங்கியிருந்தது. கொத்தனார் கட்டிய அடித்தளத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். போர்மா வரும் இடம் இது என்று காவல்காரரே காட்டினார்.

கடைசியாக எங்கள் போதகரிடம் போனேன். மிஷன் பள்ளிக்கு மானேஜரும் அவரே. எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்று சொல்வோம். ஐயர் கொட்டகைக்குள் நின்று சுவரை அளந்துகொண்டிருந்தார்.

“வா மகளே. ரெண்டு கிளாஸ் போடலாம். இந்தக் கரி பிடிச்ச அறைதான் எடைஞ்சல். நாளைக்கு இடிக்கதுக்கு ஆள் சொல்லியாச்சு.”

கரி பிடித்த அறை என்று அவர் சொன்னது, கொட்டகைக்குள்ளேயே கட்டியிருந்த போர்மாவை. நான் நின்றுவிட்டேன்.

“ஐயரே, இது உங்களுக்கா தந்தது?”

“பின்னே? உள்ள கட்டினது ஒக்கன்னு சபையில சொல்லியாச்சே. நான் அதுக்காக ஜெபம் பண்ணினேன். சபை ஆமென் சொல்லிச்சு.”

ஒரே போர்மாவை இரண்டு பேருக்குக் கொடுத்திருந்தார்கள். ஒருவர் அதை இடிக்கப் பார்க்கிறார், இன்னொருவர் அதைக் கழற்றப் பார்க்கிறார். எங்கள் தொழிலில் இது இரட்டைக் கணக்கு. கொடுத்தவரின் மொத்தத்தை மட்டும் எழுதியிருந்தால் இல்லாத இன்னொரு போர்மாவை இந்தத் தாலூக்காவின் தாராளத்தில் சேர்த்திருப்பேன். ஆனால் அன்றைக்கு என் கவலை தாளைப் பற்றி இல்லை.

“இடிக்காதீங்க,” என்றேன். “நாளைக்கு ஒரு நாள் நில்லுங்க. சபை கூடட்டும்.”

“எதுக்கு?”

“இடிச்சா உங்களுக்க பள்ளியில படிக்குத பிள்ளையளுக்கு அம்மைமாரு கஞ்சி ஊத்த மாட்டாங்க. அதுக்கு.”

7. சபைக் கூட்டம்

அடுத்த நாள் பகலில் கொட்டகையிலேயே கூடினார்கள். ஊர்வலம் என்று போலீஸ் நினைக்காமலிருக்கப் பெண்கள் கையில் வேதப்புத்தகம் வைத்திருந்தார்கள். ஞானபாய் போர்மாவின் வாசலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள். பொன்னையா விஷயம் கேள்விப்பட்டு முதலாளியைக் காரில் கூட்டிக்கொண்டு வந்தார்.

முதலாளி நின்றபடியே பேசினார். “நான் தந்தது கொட்டகை. போர்மா இரும்புச் சாதனமாக்கும். அது கட்டடத்தில சேராது.”

சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன். அவர் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள், அவர் தந்த சேலையை உடுத்தவர்கள். ஐயர் தரையைப் பார்த்தார்.

ஞானபாய் எழவில்லை. உட்கார்ந்தபடியே கேட்டாள். “முதலாளியே, செங்கல்லு இரும்பா?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். பொன்னையா சீறினார். “எட்டி, ஆருகிட்டப் பேசுதோம்னு ஓர்மை உண்டா?”

“உண்டு. சம்பளம் தந்த ஆளு. இப்ப தரேல்ல, அதனால பேசுதேன்.”

“கொட்டகை பள்ளிக்குப் போனா படிக்கது உங்களுக்க பிள்ளையதானே?” என்றார் பொன்னையா.

“அதாக்கும் நானும் சொல்லுதேன். எங்களுக்க பிள்ளையாக்கும். அம்மைக்கு வேலை இல்லேன்னா பிள்ளை ஸ்லேட்டைத் திங்குமா? ஐயரே, உங்ககிட்டயும் கேக்கேன். கொட்டகையில பாதி போதும் படிக்கதுக்கு. பாதியில நாங்க உரிக்கியோம். காட்டாக்கடை வியாபாரி ஒருத்தரு பருப்புத் தந்தா கூலிக்கு உரிச்சுக் கொடுக்கலாம். பள்ளிக்கு வாடகை தாறோம். தானம் வேண்டாம்.”

ஐயர் தலையைத் தூக்கினார். “புகை வருமே.”

“எங்களுக்க நெஞ்சில போன புகைதான். பிள்ளையளுக்க பக்கம் சுவர் வைப்போம்.”

முதலாளி கையை வீசினார். “அதெல்லாம் பொறவு. போர்மா எனக்க மருமவனுக்குக் கொடுத்தது. அவ்வளவுதான்.”

அப்போதுதான் நான் எழுந்தேன். கம்பெனி எங்களுக்கு எழுதிக் கொடுத்த தாளைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அது ஆபீஸுக்குத் தந்தது, வெளியே பேசக் கூடாது. நானே பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் சொன்னேன்.

“களியக்காவிளைக்குத் தெக்க இந்தப் போர்மாவுக்கு அடித்தளம் கட்டியிருக்கு. இங்க, உள்ள கட்டினது ஒக்கன்னு உங்க மானேஜரு சொன்னதை இந்தச் சபை கேட்டுச்சு. ஒரே சாதனத்தை ரெண்டு பேருக்குத் தானம் கொடுக்க முடியாது. ஒண்ணு, சபையில சொன்னது இல்லேன்னு இங்க நின்னு சொல்லுங்க. இல்லேன்னா மருமவனுக்குப் புதுசா வாங்கிக் கொடுங்க. எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

அவர் பொன்னையாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பொன்னையா அரை அடி குட்டையானார். பிறகு சபையைப் பார்த்தார். பலாமரம் படைத்த கொல்லயில்காரர் முன்னால் கைகட்டி நின்றார். முதலாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அது போதுமானதாக இருந்தது.

“சபைக்குத்தான்,” என்றார் முதலாளி. “ஆனா தட்டு கட்டினது இல்ல. தட்டை எடுப்பேன்.”

தட்டை எடுத்தார். அன்றைக்கே லாரியில் ஏற்றினார்கள், ஒன்று விடாமல். கதவும் சட்டமும் நின்றன. அடுத்த வாரம் பெண்கள் பழைய தகரம் வாங்கிக் கொல்லரிடம் தட்டு அடித்தார்கள். தட்டு கோணலாக இருந்ததால் தள்ளும்போது அலறும். அந்தச் சத்தத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்னார்கள். காட்டாக்கடை வியாபாரி முதலில் கொஞ்சம் பருப்புத் தந்தார், உடைத்துக் கெடுத்துவிடுவார்கள் என்று பயந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு வருவதை நிறுத்தினார், பருப்பை மட்டும் அனுப்பினார்.

8. கட்டம்

முழு வெற்றி என்று எழுத மாட்டேன். பொய் எழுத எனக்கு வராது. வறுப்பும் உடைப்பும் தெற்கே போய்விட்டன. உரிப்பிலும் ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் கொட்டகையில் வேலை கிடைத்தது. மீதிப் பேர் மருமகன் கம்பெனிக்கு நடந்து போய்க் குறைந்த கூலிக்கு உட்கார்ந்தார்கள். பிறகு மாநிலம் பிரிந்து எல்லை விழுந்தது. பாறசாலை கேரளத்தில் நின்றது, களியக்காவிளை தமிழ்நாட்டுக்குப் போயிற்று. அவர்கள் தினமும் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு நடந்தார்கள். என் அண்ணன் அதைப் பார்த்தான். ஒரு மழைநாளில் தன் குடையை அவர்களில் ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு நனைந்து வந்தான்.

ஆபீஸில் என் தாளை மாதவன் சாரிடம் வைத்தேன். இலவசமாகக் கைமாறிய ஆஸ்தியை மூன்றாகப் பிரித்து எழுதியிருந்தேன்: ஊருக்குப் போனது, சொந்தக் கம்பெனிக்குப் போனது, இரண்டு இடத்தில் சொல்லி ஓர் இடத்தில் மட்டும் இருப்பது. கீழே ஒரு குறிப்பு: இந்த வருடம் கம்பெனி புதிதாக எதுவும் வாங்கவில்லை; இந்தத் தானம் வளர்ச்சி இல்லை, வெளியேற்றம்.

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

“குறிப்பு வேண்டா. மேல ஆளுக அரசியல்னு சொல்லும்.”

“அடிச்சா திரும்ப எழுதுவேன் சாரே.”

“சர்க்கார் கேட்டது மொத்தம். மொத்தம் எழுதினா மதி, போதும்.”

“மொத்தம் பெரிசா இருக்கு. அதைப் பாத்தா எல்லாரும் கை தட்டுவாங்க. ஆலயத்தில ஒருக்க அந்தக் கைதட்டலைக் கேட்டது போதும்.”

அவர் குறிப்பை அடித்தார். நான் தனித்தாளில் எழுதி இணைத்தேன். அதைக் கழற்றினார். நான் மறுபடி இணைத்தேன். கடைசியில் அது மேலிடத்துக்குப் போயிற்று, ஆனால் அங்கே யாரும் படித்ததாக எனக்குத் தகவல் இல்லை. சில மாதத்தில் என்னைக் காட்டாக்கடைக்கு மாற்றினார்கள். போனேன். அங்கேயும் கம்பெனிகள் இருந்தன.

ஆகவே பிள்ளைகளே, மூலதன மாற்றல் ஏறியிருக்கிறது என்று கண்டால் உடனே நல்லது என்றும் எழுதாதீர்கள், கெட்டது என்றும் எழுதாதீர்கள். அந்த எண்ணுக்குத் தனியாகப் பேசத் தெரியாது. யாருக்குப் போனது என்று கேளுங்கள். வாங்கியவரின் வாசலுக்குப் போய், வந்து சேர்ந்ததா என்று பாருங்கள். கொடுத்த கம்பெனி அதே வருடம் தனக்கென்று புதிதாக என்ன வாங்கியது என்று கேளுங்கள். ஒன்றும் வாங்காமல் கொடுத்துக்கொண்டே இருந்தால், கதவுக்கு வெளியே யார் காத்து நிற்கிறார்கள் என்று எட்டிப் பாருங்கள்.

காட்டாக்கடைக்குப் போகும் முன் மாதவன் சாரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். கொட்டகையில் இடம் கிடைக்காமல் தெற்கே நடந்த அந்தப் பெண்களை எங்கே எழுதுவது?

“அதுக்குக் கட்டம் இல்லல்லோ,” என்றார். உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார்.

அவர் மேஜை மேலிருந்த ஸ்கேலை எடுத்துத் தாளின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு அவர்களுக்கு ஒரு கட்டம் ஆக்கினேன். அவர் தடுக்கவில்லை. ஓய்வு பெறும் வரை என் கைக்கு வந்த ஒவ்வொரு தாளிலும் அந்தக் கோட்டைப் போட்டேன்.